எதில் எவ்வளவு? – முதலீட்டு ஆலோசகர் போடும் கணக்கு

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் முதுகலை வணிகவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் வழக்கமாக எதையாவது விற்க வருவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்த நிறுவனத்தின் முகவரும் இல்லை. இந்த உரையின் முடிவில் எந்தப் படிவத்திலும் உங்களிடம் கையெழுத்து வாங்கப்போவதில்லை. முறையான முதலீட்டு ஆலோசகர் ஒருவர் தம்மிடம் வருபவரின் பணத்தை எப்படிப் பார்க்கிறார், எப்படிப் பிரிக்கிறார், பிரித்ததை ஆண்டுதோறும் எப்படிப் பராமரிக்கிறார் என்பதை விளக்குவதே என் வேலை. ஆலோசகரிடம் போகிறீர்களோ இல்லையோ, அவர் போடும் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை ஆசிரியர்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இரண்டு காரணங்கள். நம்மில் பலர் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பெருந்தொகையைக் கையில் வாங்குகிறோம், ஓய்வுபெறும்போது. அந்தத் தொகையை இழந்தால் மீண்டும் சம்பாதிக்க வயது இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. ஊருக்குள் புதிதாக ஒரு பணத்திட்டம் வந்தால் அதை நடத்துபவர்கள் முதலில் தேடி வருவது ஆசிரியர் ஓய்வறையை. ‘வாத்தியாரே சேர்ந்துவிட்டார்’ என்ற ஒரு வார்த்தை போதும். பின்னால் பெற்றோர் வருவார்கள், கூலிவேலை செய்பவர்கள்கூட வருவார்கள். நாம் ஏமாந்தால் ஊரையும் சேர்த்து ஏமாற்றக் காரணமாகிவிடுகிறோம்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1990களில் நிதி நிறுவனங்கள் பல மூடப்பட்டு மக்கள் பணம் போனதால்தான் 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. அதற்குப் பிறகும் ஈமுக் கோழி வந்தது. வேறு பெயர்களில் வேறு திட்டங்களும் வந்துகொண்டிருக்கின்றன. 2019இல் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் நடுவண் சட்டமும் வந்தது. சட்டம் பின்னால்தான் வரும். முன்னால் நிற்க வேண்டியது நம் அறிவு.

யார் ஆலோசகர்?

வங்கி மேலாளர், காப்பீட்டு முகவர், பரஸ்பர நிதி விநியோகஸ்தர், தெரிந்த தணிக்கையாளர் என எல்லோரையும் நாம் ஆலோசகர் என்றே அழைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் செபி அமைப்பு 2013இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கெனத் தனி ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அதன்படி பதிவு பெற்றவர் வாடிக்கையாளரிடம் மட்டுமே கட்டணம் வாங்க வேண்டும். தாம் பரிந்துரைக்கும் திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடம் அவர் தரகு வாங்கக் கூடாது. அவருடைய பதிவு எண் ‘ஐ.என்.ஏ.’ என்று தொடங்கும். விநியோகஸ்தருக்கு ‘ஏ.ஆர்.என்.’ என்ற எண் இருக்கும். அவருக்கு வருமானம் நிறுவனம் தரும் தரகிலிருந்து வருகிறது.

விநியோகஸ்தர் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்கள் பலர் உண்டு. ஆனால் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பார்வை மாறும். எனவே எதிரில் இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ‘உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?’ தயங்காமல் பதில் சொல்பவரிடம் மேலே பேசலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முறையான ஆலோசகர் உங்கள் முதலீட்டுப் பணத்தைத் தம் வங்கிக் கணக்குக்கு வாங்கவே மாட்டார். அவர் வாங்குவது கட்டணம் மட்டும். முதலீடு உங்கள் பெயரில், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகும். திரும்பும்போதும் உங்கள் கணக்குக்கே வரும். ‘என் கணக்குக்கு அனுப்புங்கள், நான் போட்டுக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், பேச்சு அங்கேயே முடிய வேண்டும்.

முதல் சந்திப்பில் கேள்விகள்தாம்

முதல் சந்திப்பில் ஆலோசகர் எந்தத் திட்டத்தின் பெயரையும் சொல்ல மாட்டார். மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் நாடி பார்ப்பதுபோல, அவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார். மாதச் செலவு எவ்வளவு? யாரெல்லாம் உங்களை நம்பி இருக்கிறார்கள்? கடன் உண்டா, அதற்கு என்ன வட்டி? மகளின் கல்லூரிப் படிப்பு எந்த ஆண்டில் வருகிறது? வீட்டில் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா?

அடுத்து இடரைப் பற்றிக் கேட்பார். இதில் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, நட்டத்தைத் தாங்கும் வசதி. மற்றொன்று, நட்டத்தைத் தாங்கும் மனம். இருபத்தெட்டு வயதில் நிரந்தரப் பணியில் சேர்ந்த ஆசிரியருக்கு வசதி இருக்கும். ஆனால் சேமிப்பு பத்து விழுக்காடு குறைந்தாலே இரவில் தூக்கம் போய்விடும் என்றால் மனம் இல்லை. ஓய்வுபெற்ற ஒருவருக்கு ‘எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற மனம் இருக்கும்; ஆனால் மாதச் செலவுக்கே அந்தப் பணம் வேண்டும் என்றால் வசதி இல்லை. இரண்டில் எது குறைவோ அதையே ஆலோசகர் அளவாக வைத்துக்கொள்வார்.

சொத்து ஒதுக்கீடு என்றால் என்ன?

இனி உரையின் மையத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருக்கும் பணத்தில் எத்தனை பங்கு நிலையான வட்டி தரும் இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை பங்கு நிறுவனப் பங்குகளில் இருக்க வேண்டும், தங்கத்தில் எவ்வளவு, உடனே எடுக்கும்படி கையில் எவ்வளவு என்று முடிவு செய்வதே சொத்து ஒதுக்கீடு. எந்த நிறுவனத்தின் பங்கு, எந்த வங்கியின் வைப்புநிதி என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். ‘எந்த ஃபண்டு நல்ல ஃபண்டு?’ என்று கேட்கிறோம், ‘எதில் எவ்வளவு?’ என்று கேட்பதில்லை. 1986இல் அமெரிக்காவில் பிரின்சன், ஹூட், பீபவர் என்ற மூவர் 91 பெரிய ஓய்வூதிய நிதிகளை ஆராய்ந்தார்கள். அந்த நிதிகளின் வருவாய் காலப்போக்கில் ஏறி இறங்கியதில் சராசரியாக 93.6 விழுக்காட்டை அவற்றின் ஒதுக்கீட்டுக் கொள்கையே விளக்கியது. ‘இலாபத்தில் 93 விழுக்காடு ஒதுக்கீட்டால் வருகிறது’ என்று இதைச் சிலர் தவறாகச் சொல்வதுண்டு. ஆய்வு சொன்னது ஏற்ற இறக்கத்தைப் பற்றித்தான். நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: உங்கள் பணம் எவ்வளவு ஆடும் என்பதை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் திட்டத்தின் பெயரைவிட நீங்கள் பிரிக்கும் விகிதமே பெரிதும் முடிவு செய்கிறது.

பத்தாம் வகுப்புத் திட்டவிலக்கம்

கணித ஆசிரியர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற இளம் பொருளியல் அறிஞர் முதலீட்டுத் தொகுப்பைத் தெரிவுசெய்வது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான பணி அதுவே. அவர் இடரை அளக்க எடுத்துக்கொண்டது விலக்க வர்க்கச் சராசரியை. அதன் வர்க்கமூலமான திட்டவிலக்கத்தைத்தான் நாம் பத்தாம் வகுப்பில் புள்ளியியல் பாடத்தில் கற்பிக்கிறோம்.

கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டலாம். ‘அ’ என்ற முதலீடு நான்கு ஆண்டுகளில் தரும் வருவாய்: 20, –4, 20, –4 விழுக்காடு. சராசரி 8, திட்டவிலக்கம் 12. ‘ஆ’ என்ற முதலீடு தருவது: 2, 14, 2, 14. சராசரி 8, திட்டவிலக்கம் 6. இப்போது பணத்தில் பாதியை அதிலும் பாதியை இதிலும் போட்டு, ஆண்டுதோறும் சரிபாதியாகவே வைத்திருந்தால் கிடைப்பது: 11, 5, 11, 5. சராசரி அதே 8, திட்டவிலக்கம் 3. இரண்டில் எதைத் தனியாக வைத்திருந்தாலும் இருந்திருக்கும் ஆட்டத்தைவிடச் சேர்த்து வைத்ததில் ஆட்டம் குறைவு. மாணவர்களை இந்தக் கணக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். சராசரி குறையாமல் விலக்கம் மட்டும் குறைவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

உண்மை உலகில் இரண்டு சொத்துகள் இவ்வளவு துல்லியமாக எதிரெதிராக நடப்பதில்லை. ஆனால் ஒரே தாளத்தில் நடக்காமல் இருந்தாலே ஓரளவு பலன் உண்டு. 2008ஆம் ஆண்டில் சென்செக்ஸ் பாதிக்கு மேல் சரிந்தது: ஆண்டுத் தொடக்கத்தில் 20,000 புள்ளிகளைத் தாண்டியிருந்தது ஆண்டு முடிவில் 10,000க்குக் கீழ் வந்துவிட்டது. அதே ஆண்டில் ரூபாய் மதிப்பில் தங்கம் ஏறியது. வைப்புநிதி தன் வட்டியைக் கொடுத்தது.

எந்த ஒன்றும் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்காது என்பதற்கும் வரலாறு சான்று. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். நடுவில் 34 ஆண்டுகள். தங்கம் 1980 ஜனவரியில் டாலர் மதிப்பில் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்டியது 2008இல். வைப்புநிதிக்கு இந்தச் சரிவு இல்லை. ஆனால் விலைவாசி அதை மெல்ல அரிக்கிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறினால், 72ஐ 6ஆல் வகுத்துப் பாருங்கள்: 12 ஆண்டுகளில் விலை இரு மடங்காகும், நம் நூறு ரூபாயின் வாங்கும் சக்தி பாதியாகும். வங்கி வைப்புக்கான காப்பீடும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் வரைதான். ஆக, எல்லா இடத்திலும் ஏதோ ஓர் இடர் உண்டு. ஆலோசகர் அந்த இடர்களை ஒரே இடத்தில் குவியவிடாமல் பிரித்து வைக்கிறார்.

ஓர் ஆசிரியர் குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். பட்டதாரி ஆசிரியை, வயது 42. கணவர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. ஆசிரியையின் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கில் 18 இலட்சம், வங்கி வைப்பில் 8 இலட்சம், ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளின் இன்றைய ஒப்படைப்பு மதிப்பு 4 இலட்சம், பரஸ்பர நிதியில் 2 இலட்சம். ஒரு வீட்டு மனை, கொஞ்சம் நகை. கூட்டுறவு நாணயச் சங்கத்தில் 3 இலட்சம் கடன். அதற்கு மாதம் 9,000 ரூபாய் கட்டுகிறார்.

அவர் ஆலோசகரிடம் கேட்பது: ‘8 இலட்சத்தை எதில் போடலாம்?’

ஆலோசகர் முதலில் மொத்தத்தையும் ஒரே தாளில் எழுதுவார். நகையையும் மனையையும் தனியாக வைப்பார். அணியும் நகையை யாரும் விற்று மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட விரும்புவதில்லை. மனையில் கால் பகுதியை மட்டும் வெட்டி விற்கவும் முடியாது. மீதி 32 இலட்சம். அதில் பங்குச் சந்தை சார்ந்தது 2 இலட்சம் மட்டுமே, அதாவது 6 விழுக்காட்டைச் சற்றே தாண்டும்.

இந்த இடத்தில்தான் நாம் கவனிக்காத ஓர் உண்மையை அவர் எடுத்துக்காட்டுவார். பொது வருங்கால வைப்பு நிதியோ, பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கோ, அரசு அறிவிக்கும் வட்டியில் வளரும் பணம் எல்லாமே வைப்புநிதி இனத்தைச் சேர்ந்தது. மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளமும் அதே குணம் கொண்டதுதான். ஓய்வூதியம் எந்த விதியின்படி வந்தாலும் அதுவும் அப்படியே. ஆசிரியரிடம் நிலையான சொத்து ஏற்கெனவே நிறைய இருக்கிறது. இவருடைய கணவருக்கோ வருமானமே சந்தையோடு ஏறி இறங்குவது. எனவே ஒரே வீட்டில் மனைவியின் நீண்டகாலச் சேமிப்பில் பங்குகளுக்குக் கூடுதல் இடமும், கணவரின் சேமிப்பில் வைப்புநிதிக்குக் கூடுதல் இடமும் தருவது பொருத்தம். இருவருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாது.

பிறகு அவர் 8 இலட்சத்துக்கு வருவார். 3 இலட்சத்தை எடுத்துக் கடனை அடைக்கச் சொல்வார். கடனுக்குக் கட்டும் வட்டி வைப்புக்கு வாங்கும் வட்டியைவிட அதிகமாக இருக்கும்போது, கடனை அடைப்பதைவிட உறுதியான முதலீடு வேறு இல்லை. மாதச் செலவு 40,000 என்றால் ஆறு மாதச் செலவுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம், உடனே எடுக்கும்படி வங்கியில் இருக்கட்டும் என்பார். மீதி 2 இலட்சத்து 60 ஆயிரம், நான்கு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போகும் மகளுக்கு. அதைப் பங்குச் சந்தையில் போட வேண்டாம் என்பார். சந்தை சரிந்த ஆண்டில் கல்லூரி, கட்டணத்துக்காகக் காத்திருக்காது.

அப்படியானால் பங்குகளுக்குப் பணம் எங்கே? கடன் தவணை நின்றதால் மாதம் 9,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதில் 4,000 மகளின் படிப்புக்குத் தொடர் வைப்பில் போகட்டும். 5,000 சென்செக்ஸ், நிஃப்டி போன்ற குறியீட்டைப் பின்பற்றும் குறைந்த செலவுள்ள பரஸ்பர நிதியில், ஓய்வுக்காலத்துக்கெனப் போகட்டும். 60 வயது வரை 18 ஆண்டுகள் இருக்கின்றன. மகனின் படிப்புக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள். அடுத்த ஊதிய உயர்விலிருந்து அதைத் தொடங்கலாம்.

இந்த 5,000 ரூபாய் ஆண்டுக்கு 10 விழுக்காடு வளரும் என்று வைத்துக்கொண்டால் 18 ஆண்டுகளில் சுமார் 30 இலட்சமாகும். 7 விழுக்காடுதான் என்றால் சுமார் 21.5 இலட்சம். விற்க வருபவர் முதல் எண்ணை மட்டும் காட்டுவார். நல்ல ஆலோசகர் இரண்டையும் காட்டுவதோடு மூன்றாவது எண் ஒன்றையும் எழுதுவார்: விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், அன்றைய 30 இலட்சம் இன்றைய பத்தரை இலட்சத்துக்குத்தான் சமம். ‘எனவே ஊதிய உயர்வு வரும்போதெல்லாம் இந்தத் தொகையையும் கூட்டுங்கள்’ என்பார். கசப்பான எண்ணை நம்மிடம் சொல்பவரே நமக்காக வேலை செய்பவர்.

ஆண்டுக்கு ஒருமுறை களை எடுப்பது

பிரித்து வைத்ததோடு வேலை முடிவதில்லை. வயலில் ஒரு பயிர் உயர்ந்து மற்றதை மறைப்பதுபோல, ஒரு சொத்து வளர்ந்து விகிதத்தைக் கெடுத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய விகிதத்துக்குத் திருப்புவது ஆலோசகரின் முக்கியப் பணி.

10 இலட்சத்தைப் பங்கில் 5, வைப்பில் 5 என்று பிரித்திருக்கிறீர்கள். ஓராண்டில் பங்கு 40 விழுக்காடு விழுந்து 3 இலட்சமாகிறது. வைப்பு 6 விழுக்காடு வட்டியுடன் 5.30 இலட்சமாகிறது. மொத்தம் 8.30. சரிபாதி என்றால் 4.15. ஆகவே வைப்பிலிருந்து 1.15 இலட்சத்தை எடுத்து, எல்லோரும் பயந்து ஓடும் பங்குச் சந்தையில் போட வேண்டும். அடுத்த ஆண்டு சந்தை பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்று கொள்வோம். (40 விழுக்காடு விழுந்தது பழைய இடத்துக்கு வர 40 போதாது, 66.67 விழுக்காடு ஏற வேண்டும். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்துக்கு நல்ல கேள்வி.) இப்போது மொத்தம் சுமார் 11.32 இலட்சம். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் சுமார் 10.62 இலட்சம். சந்தை ஓயாமல் ஏறும் காலத்தில் இதே வேலை இலாபத்தைச் சற்றுக் குறைக்கும். அதையும் சொல்லியாக வேண்டும். இதன் முதல் பயன் இடரை நம் அளவுக்குள் வைத்திருப்பது. கூடுதல் இலாபம் கிடைத்தால் அது மேல்வரவு.

காகிதத்தில் எளிதாக இருக்கும் இந்த வேலை நேரில் கடினம். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் சுமார் 13 விழுக்காடு விழுந்தது. அன்று விற்றுவிட்டு ஓடத் தோன்றாதவர் குறைவு. அதே ஆண்டு நவம்பரில் சந்தை ஜனவரி உச்சத்தைத் தாண்டிவிட்டது. எல்லாச் சரிவும் இவ்வளவு விரைவில் மீளாது என்பதை ஜப்பான் நமக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணம் அன்று சந்தையில் இல்லாதவருக்குப் பயந்து விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமைதியாக இருந்த நாளில் எழுதிவைத்த விகிதம், பதற்றமான நாளில் நமக்காகப் பேசும்.

ஓய்வுபெறும் நாளில்

ஓய்வுபெறுபவருக்குப் பணிக்கொடை, விடுப்பு ஊதியம், வருங்கால வைப்பு என எல்லாம் ஓரிரு மாதங்களில் வந்து சேரும். அதை ஆலோசகர் காலத்தின்படி மூன்றாகப் பிரிப்பார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளின் கூடுதல் செலவுக்கு வேண்டியது வங்கியில். அதற்கடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கானது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்ற பாதுகாப்பான இடத்தில். 2023 ஏப்ரலிலிருந்து அதில் ஒருவர் 30 இலட்சம் வரை போடலாம். எட்டு, பத்து ஆண்டுகள் தொட வேண்டாத பகுதி மட்டும், அதுவும் அவரவர் மனம் தாங்கும் அளவுக்கு, பங்கு சார்ந்த நிதியில். அறுபதில் ஓய்வுபெறுபவர் எண்பத்தைந்து வரை வாழ்வதாகத் திட்டமிட வேண்டும். 25 ஆண்டு விலைவாசியை வைப்புநிதி மட்டும் தனியாகச் சமாளிக்காது. முதல் ஆறு மாதம் எதிலும் போடாமல் வங்கியில் வைத்திருந்தாலும் குடிமுழுகிவிடாது. அவசரப்படுத்துபவர்தான் ஆபத்தானவர்.

இரு மடங்கு என்னும் சொல்

‘ஆண்டுக்கு 50,000 கட்டுங்கள், 20 ஆண்டுகள். கட்டுவது 10 இலட்சம், கிடைப்பது 20 இலட்சம், இரு மடங்கு’ என்று சொல்லும் பாலிசியைக் கணக்குப் போட்டால் ஆண்டு வளர்ச்சி சுமார் 6.2 விழுக்காடுதான். இரு மடங்கு என்ற சொல் காதில் இனிக்கிறது. எத்தனை ஆண்டில் என்பதை மறக்க வைக்கிறது. காப்பீடு வேண்டும் என்றால் குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குத் தூய ஆயுள் காப்பீடு எடுங்கள். சேமிப்பைத் தனியே வையுங்கள்.

செலவும் அப்படித்தான். 10 இலட்சம் 20 ஆண்டுகளுக்கு 10 விழுக்காட்டில் வளர்ந்தால் சுமார் 67 இலட்சம். தரகும் கட்டணமும் 1 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு 9 விழுக்காட்டில் வளர்ந்தால் சுமார் 56 இலட்சம். ஒரு விழுக்காடு என்பது 11 இலட்சம். பரஸ்பர நிதிகளில் தரகு இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரி முதல் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது.

செல்பேசியில் ‘ஆப்ஷன்’ வர்த்தகம் செய்யும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குசார் எதிர்கால, ஆப்ஷன் வர்த்தகம் பற்றி 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் தனிநபர் வர்த்தகர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்திருக்கிறார்கள். இதற்கும் முதலீட்டுக்கும் தொடர்பில்லை. அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் ஊக வணிகத்தை ஏற்பதுமில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும்

முடிப்பதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம். நாம் கொடுத்தே பழகியவர்கள். இன்று ஒன்றை வாங்கிக்கொள்வோம். ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள்: உடனே எடுக்கக்கூடிய பணம், நிலையான வட்டி, பங்கு, தங்கமும் நிலமும். உங்களிடம் இருப்பதையெல்லாம் அந்தந்தக் கட்டத்தில் எழுதி விழுக்காடு போடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். நாளைக்கு ஒருவருக்கு ஏதேனும் ஆனால், எது எங்கே இருக்கிறது என்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் வாரிசுநியமனம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். தாளின் பின்புறம் எந்தச் செலவு எந்த ஆண்டில் வருகிறது என்று எழுதுங்கள்.

அந்தத் தாள் தயாரான பிறகு ஆலோசகரிடம் போனால், பாதி வேலை முடிந்திருக்கும். போகாவிட்டாலும் பாதகமில்லை. அடுத்த முறை யாராவது ஓய்வறைக்கு வந்து, ‘சார், மாதம் மூன்று வட்டி, உறுதி’ என்று சொல்லும்போது அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ‘உங்கள் பதிவு எண் என்ன? உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பணம் யார் கணக்குக்குப் போகிறது?’ சத்தமாகவே கேளுங்கள். பக்கத்து மேசையில் இருக்கும் இளம் ஆசிரியரின் காதிலும், வாசலில் நிற்கும் சத்துணவு அமைப்பாளரின் காதிலும் அது விழட்டும். வந்தவரிடம் பதில் இருந்தால் சொல்லட்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு ஓர் ஊரின் சேமிப்பு தப்பியது என்று கொள்ளுங்கள்.